நிகர எடை

டிவியில் அவனை மல்ஹார் பிங்ளே என்கிறார்கள்.
புதுவயல் அரிசி மில்லில் அவன் பெயர் மல்லாரி.
சாக்கோட்டையில் சாமி புறப்படும்போது
நாதஸ்வரம் முதலில் எடுப்பது அதைத்தான்.
முதல் பந்திலேயே புறப்பட்டுவிடுகிறவனுக்கு
வேறென்ன பேர் வைக்க என்றான் சேவுகன்.

நான் எடைமேடையில் இருக்கிறேன்.
லாரி ஏறும், எண் நிற்கும், எழுதுவேன்:
மொத்த எடை, வண்டி எடை, நிகர எடை.
பழைய ரசீதுப் புத்தகங்களின் பின்பக்கத்தில்
ஆறு வருஷமாக அவன் கணக்கும் ஓடுகிறது.

சதம் இருபத்தேழு.
தொடக்க ஆட்டக்காரர்களின் பழைய சாதனையும் இருபத்தேழு.
இன்னும் ஒன்றுதான்.

இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.
என்னிடம் இன்னொரு பக்கம் இருக்கிறது:
தொண்ணூற்று நான்கு, லாங் ஆனில் கேட்ச்.
தொண்ணூற்றெட்டு, இறங்கி வந்து ஸ்டம்பிங்.
தொண்ணூற்றொன்பது, மறுபடி லாங் ஆன், அதே உயரம்.
இப்படிப் பதினொரு முறை.
ஒவ்வொரு முறையும் சிக்ஸருக்குத்தான் போனான்.
ஒற்றை ஓட்டம் ஓடி நூறைத் தொட்டது
இருபத்தேழில் இரண்டே தடவை.
அந்த இரண்டிலும்
பதர் கலந்த நெல்லைக் கையில் அள்ளிய வியாபாரி மாதிரி
முகம் வைத்திருந்தான்.

முதலாளி ஒருநாள் எட்டிப் பார்த்தார்.
"நிதானமா ஆடியிருந்தா முப்பத்தெட்டு. பொறுப்பில்லாத பய."
மூட்டைக்கு ஒன்றரைக் கிலோ கழிவு பிடிக்கிறவர்.
பதினொரு சதம் சிந்திப்போனதை
அவரால் தாங்க முடியவில்லை.

அந்த வியாழக்கிழமை
புழுங்கல் ஆவிக்குள் யாரோ கத்தினார்கள்: தொண்ணூற்றாறு!
சேவுகன் முதுகில் எழுபத்தைந்து கிலோ.
லாரிக்குச் சாத்திய பலகையில் பாதி ஏறியவன் நின்றுவிட்டான்.
"யாரும் அசையாதீங்க. இறக்குனா விக்கெட் விழுந்துரும்."
பீகார்ப் பையன் ராம்சுரத்
தவிட்டுச் சல்லடையைத் தூக்கியபடியே நின்றான்.
மேடைமேல் நின்ற வண்டியில் டிரைவர் அருள்தாஸ்,
அவன் கால் ஆடியதில்
என் திரையில் கடைசி இலக்கம் மட்டும்
நடுங்கிக்கொண்டே இருந்தது.

பந்து காலில் பட்டது. மூன்றாவது நடுவரைக் கேட்டார்கள்.
நான்கு நிமிடம்.
பலகை கிறீச்சிட்டது. சேவுகன் கழுத்தில் ஒரு நரம்பு.
அந்த நான்கு நிமிடத்தில்
இரண்டு மூட்டைக் கூலி போயிற்று.
நாட் அவுட்.

அடுத்த பந்து.
மிட்விக்கெட் பக்கம் ஒரு ஆள் இல்லை,
தட்டிவிட்டு நடந்தே ஓர் ஓட்டம் எடுக்கலாம்.
அவன் இறங்கி வந்தான்.
போனுக்குள் வர்ணனையாளரின் குரலும்
பந்தோடு மேலே போய்
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

லாங் ஆன்.

முதலாளி கெட்ட வார்த்தை சொன்னார்.
ராம்சுரத் அவன் பாஷையில் ஏதோ சொல்லிச் சிரித்தான்.
சேவுகன் மீதிப் பலகையையும் ஏறி
மூட்டையை லாரியில் சாய்த்துவிட்டு வந்தான்.
துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:
"நாலு ரன்ன ஓடி எடுக்குறவனா இருந்தா
அவனுக்காக நான் எதுக்குண்ணே
மூட்டையோட நிக்கப்போறேன்."

எழுதினேன்.
மொத்தம் முப்பத்தொன்பது. கழிவு பன்னிரண்டு.
நிகரம் இருபத்தேழு.
பிறகு, கழிவு என்ற சொல்லை மட்டும் அடித்தேன்.
அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று யோசிப்பதற்குள்
பின்னால் நின்ற வண்டி ஹாரன் அடித்தது.

சாதனையை உடைத்தானா என்று கேட்பீர்கள்.
அடுத்த மாதமே உடைத்தான். நூற்று நாற்பத்தொன்று.
நூறை எட்டியதும் சிக்ஸரில்தானாம்.
அன்று ஞாயிற்றுக்கிழமை, மில் லீவு.
நான் கண்டனூரில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்,
ரயிலடிப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டுத்தான் தெரிந்தது.
சேவுகன் தூங்கிக்கொண்டிருந்தானாம்.